சொகுசு செடானும் 98 மில்லிமீட்டர் ரப்பரும்

நான்கு டயரையும் மாற்றிக்கொண்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பட்ஜெட் இவ்வளவுதான், அதைத் தாண்ட மாட்டேன். சொகுசு செடான் ஒன்று எடுக்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் வண்டி எப்படி, அதையே எடுத்துவிடவா?" போனில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது.

என்னுடையது நடுத்தர அளவு செடான். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், எட்டு கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கர இழுவை. மற்ற விவரங்கள் எங்கே தேடினாலும் கிடைக்கும். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகிற குறை இந்த வகுப்பில் பல நிறுவனங்களின் வண்டிகளிலும் உண்டு. ஒரு பெயரைப் போட்டால் மற்றவர்கள் "நமக்கு இல்லை" என்று நகர்ந்துவிடுவார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய இருக்கிறது. வாங்கும்போது நான் பெரிதாக எண்ணாத ஒன்று, இன்றைக்கு எனக்கு மிகவும் பிடித்தது: அமைதி. இந்த ட்ரிம்மில், அதாவது ஒரே மாடலை வசதிக்கேற்பப் பிரித்து விற்கும் படிகளில் நான் எடுத்ததில், முன்கதவுகளுக்கு இரட்டை அடுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கண்ணாடியைப் பாதி இறக்கி மேல் விளிம்பைக் கிட்டத்தில் பார்த்தால் இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய கோடு ஒன்று ஓடுவது தெரியும். அந்தக் கோடுதான் சத்தத்தை விழுங்கும் படலம். நெடுஞ்சாலையில் பக்கத்தில் லாரி போனாலும் பின்சீட்டில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேசலாம். செகண்ட் ஹேண்டில் பார்க்கப் போகிறவர்கள் இந்த விளிம்பைக் கட்டாயம் பாருங்கள். ஒரே மாடலில் ஒரு ட்ரிம்முக்கு இருக்கும், அடுத்ததற்கு இருக்காது. விற்கிறவருக்கே பல சமயம் தெரியாது.

சீட் அடுத்தது. தொடைக்குக் கீழே முன்பக்கம் நீட்டிக்கொள்கிற பகுதி இருக்கிறது. உயரமானவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நாள் முழுக்க ஓட்டிவிட்டு இறங்கும்போதுதான் தெரியும். முதுகு வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. கியர்பாக்ஸ் எப்போது மாறுகிறது என்றே தெரியாது. இன்ஜினைப் பற்றியும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, இப்போது டயருக்கு வருகிறேன்.

என் வண்டி வந்தது 245/40 ஆர் 19 அளவில். இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. 19 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் பக்கச் சுவர் 98 மில்லிமீட்டர்தான். சாலைக்கும் அலாய் ரிம்முக்கும் நடுவே இருக்கிற ரப்பரும் காற்றும் அவ்வளவே. இத்தனை பெரிய, இத்தனை கனமான, சொகுசு என்று சொல்லி விற்கிற வண்டிக்கு!

அதுவும் அந்த 98 மில்லிமீட்டர் சாதாரண ரப்பர் இல்லை. ரன்ஃபிளாட். காற்றே இல்லாவிட்டாலும் வண்டியின் எடையைத் தாங்கும்படி பக்கச் சுவரைத் தடித்த ரப்பரால் கெட்டிப்படுத்திய டயர். பஞ்சரானால் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் வரை ஓட்டிக்கொண்டு போகலாம். நியாயமாகச் சொன்னால் அது சின்ன உதவி இல்லை. இரவில், மழையில், குடும்பத்தோடு போகும்போது சாலையோரம் நிறுத்தி ஜாக்கி போடாமல் அடுத்த ஊருக்குப் போய்ச் சேரலாம் என்பது பெரிய நிம்மதி. எனக்கே ஒருமுறை கைகொடுத்திருக்கிறது. ஆனால் அந்தக் கெட்டித்தன்மை பஞ்சராகிற நாளில் மட்டும் வருவதில்லையே. காற்று முழுதாக இருக்கும் எல்லா நாளும் கூடவே வருகிறது. பாலத்தின் இணைப்புகள், சாலையில் ஒட்டுப்போட்ட இடங்கள், வேகத்தடையின் பின்விளிம்பு என்று எல்லாம் நேராக இடுப்புக்கு வந்து சேரும். இரட்டைக் கண்ணாடி வைத்து வெளிச்சத்தத்தை அடக்கிவிட்டதால், டயர் தரையில் மோதுகிற 'டக்' மட்டும் உள்ளே இன்னும் தெளிவாகக் கேட்கும். இத்தனை காலமும் என்னை விடாமல் உறுத்தியது அந்தச் சத்தம்தான்.

இந்த முறை மாற்ற வேண்டி வந்தது தேய்ந்ததால் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் மழைநீர் நின்ற ஒரு பள்ளம். முன் இடது சக்கரம் இறங்கி ஏறியது. காற்று இறங்கவில்லை, டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கையும் இல்லை. சில நாள் கழித்து அலைன்மென்ட் பார்க்கக் கொடுத்தபோது, அங்கிருந்தவர் டயரின் உள்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். ஓரிடத்தில் கை நின்றது. "இங்கே தொட்டுப் பாருங்கள் சார்" என்றார். கோலிக்குண்டு அளவுக்கு ஒரு புடைப்பு. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே ரப்பர் நசுங்கும்போது உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோகும். அறுந்த இடத்தில் காற்று வெளியே தள்ளுவதுதான் அந்தப் புடைப்பு. இதற்கு ஒட்டு கிடையாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பஞ்சரிலிருந்து காப்பாற்றுகிற ரன்ஃபிளாட், இதிலிருந்து காப்பாற்றாது.

அதே அளவில், கார் நிறுவனத்தின் குறியீடு பொறித்த அதே டயர் ஒன்று கேட்டால் உடனே கிடைக்கவில்லை. கிடைத்தாலும் விலை சாதாரண டயரைவிட எவ்வளவோ அதிகம். காத்திருக்கிற நாட்களில் ஸ்டெப்னி போட்டு ஓட்டலாமே என்பீர்கள். ஸ்டெப்னி கிடையாது. டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கினால் அந்த இடத்தில் பேட்டரியும் கருவிகள் வைக்கிற தட்டும் இருக்கின்றன. ரன்ஃபிளாட் இருக்கும்போது ஸ்டெப்னி எதற்கு என்பது நிறுவனத்தின் வாதம். பக்கச் சுவர் போனால் என்ன செய்வது என்பதற்கு அந்த வாதத்தில் பதிலே இல்லை. எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கண்ணாடியும் அந்தச் சீட்டும். இரண்டும் மேல் ட்ரிம்மில்தான் வரும். மேல் ட்ரிம் என்றால் 19 அங்குலம்தான், சின்னச் சக்கரம் வேண்டும் என்று கேட்டு வாங்க வழியில்லை. சொகுசுக்காகக் காசு கொடுக்கிறவனிடம் சொகுசைக் கெடுக்கிற சக்கரத்தையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள். காரணம் தோற்றம். ஷோரூம் வெளிச்சத்தில் பெரிய அலாய் அழகாகத்தான் இருக்கிறது. 1989இல் டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான லெக்ஸஸின் முதல் எல்எஸ் 400 வந்தபோது அதன் அமைதியைக் கண்டு ஜெர்மானிய நிறுவனங்கள் திரும்பிப் பார்த்தன. அந்த வண்டியில் இருந்தது 205/65 ஆர் 15. பக்கச் சுவர் 133 மில்லிமீட்டர். சொகுசு எங்கிருந்து வருகிறது என்று லெக்ஸஸ்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆக, ஒரு டயர் மட்டும் வாங்கவில்லை. 18 அங்குல ரிம் நான்கு எடுத்து, 245/45 அளவில் ரன்ஃபிளாட் அல்லாத சாதாரண டயர் போட்டேன். பக்கச் சுவர் 110 மில்லிமீட்டர் ஆனது. சக்கரத்தின் மொத்த விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது, ஸ்பீடோமீட்டர் பழையபடி சரியாகக் காட்டும். இந்த அளவு என் வண்டிக்கு நிறுவனமே அனுமதித்தது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. அங்கே இல்லாத அளவைப் போட வேண்டாம். சக்கரத்துக்குள் பிரேக்கை அழுத்திப் பிடிக்கிற காலிப்பர் பெரிதாக இருந்தால் சின்ன ரிம் உள்ளே நுழையாது. டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் எடை தாங்கும் எண்ணும் வேகக் குறியீடும் பழைய டயருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்புறம், ஸ்டெப்னியும் இல்லை ரன்ஃபிளாட்டும் இல்லை என்பதால் சின்ன கம்ப்ரசர் ஒன்றும் பஞ்சர் அடைக்கிற திரவமும் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும்.

வித்தியாசம்? கடையிலிருந்து வெளியே வந்து முதல் வேகத்தடை ஏறி இறங்கியதுமே தெரிந்துவிட்டது. பாலத்து இணைப்புகளில் 'டக்' போய் 'தும்' ஆனது. சஸ்பென்ஷன் இத்தனை காலமும் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது, டயர்தான் அதைச் செய்யவிடவில்லை. வளைவுகளில் ஸ்டியரிங் முன்பிருந்த கூர்மையைக் கொஞ்சம் இழந்திருக்கிறது, மறைக்கவில்லை. எனக்கு அது பெரிய இழப்பு இல்லை.

இனி, கையில் இருக்கும் பணத்தில் எதை எடுப்பது என்ற கேள்விக்கு வருவோம். ஒரே தொகைக்கு மூன்று வழி இருக்கும்: சின்ன செடானைப் புதிதாக எல்லா வசதியோடும் வாங்கலாம், நடுத்தர அளவை அடிப்படை ட்ரிம்மில் எடுக்கலாம், இல்லையென்றால் சில ஆண்டு ஓடிய உச்ச மாடலைப் பிடிக்கலாம்.

மூன்றாவதுதான் மனதை இழுக்கும். பெரிய செடான்கள் முதல் நான்கைந்து ஆண்டுகளில் பொதுவாகப் பாதி மதிப்பை இழந்துவிடுகின்றன. ஆனால் வண்டியின் விலை பாதியாகலாம், உதிரி பாகத்தின் விலை பாதியாகாது. 1998இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ஏர்மேட்டிக் என்ற பெயரில் வந்ததிலிருந்து, இரும்புச் சுருளுக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் இந்த உயர் வகுப்பில் சகஜமாகிவிட்டது. அதன் ரப்பர் பைகளுக்கு வயதானால் கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், கடைசியில் அதுவும் போகும். இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் நான்கு மூலையும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் வேறு வண்டி தேடலாம். கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று கார் நிறுவனங்கள் சொல்வதுண்டு. பல பிராண்டுகள் பயன்படுத்தும் எட்டு கியர் பெட்டியைத் தயாரிக்கிற இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அந்தத் தூரத்தைத் தாண்டிய வண்டியென்றால் மாற்றிய பில்லைக் கேளுங்கள்.

முதல் வழியில் தவறில்லை, பின்சீட்டில் பெரியவர்கள் உட்காராத வீட்டுக்கு. என் தேர்வு இரண்டாவது. இன்ஜினுக்காக மேலே போக வேண்டாம், இந்த வகுப்பின் ஆரம்ப மாடல்கள் பலவற்றில் இருப்பது இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போதான். 2016இல் வந்த வால்வோ எஸ் 90 எல்லா பெட்ரோல், டீசல் மாடல்களிலும் நான்கு சிலிண்டரோடுதான் வந்தது. லெக்ஸஸ் இஎஸ் 300எச் டொயோட்டா கேம்ரியின் உறவு, முன்சக்கர இழுவை, வேகத்துக்குப் பெயர் போனதில்லை. நிம்மதியாக ஓட வேண்டும் என்பவர்கள் முதலில் அதைத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஷோரூமில் நல்ல சாலையாகப் பார்த்துத்தான் கூட்டிப்போவார்கள். மோசமான சாலைக்கு நீங்கள் கூட்டிப்போங்கள், பின்சீட்டில் உட்கார்ந்தும் வாருங்கள். பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கை டயருக்கும் முதல் பெரிய சர்வீஸுக்கும் தனியாக வைத்துவிட்டு, மிச்சத்துக்கு வண்டி தேடுங்கள்.

என் வண்டியையே எடுக்கலாமா என்றால், வேண்டாம். சீட்டைப் புகழ்ந்தேன், கண்ணாடியைப் புகழ்ந்தேன், ஒரு சொல்லைக்கூடத் திரும்ப வாங்கவில்லை. இப்போது 18 அங்குலத்தில் இது நான் ஓட்டியதிலேயே சுகமான வண்டி. ஆனால் அந்தச் சுகத்துக்கு நான் இரண்டு தடவை காசு கொடுத்திருக்கிறேன், ஒரு தடவை நிறுவனத்துக்கு, இன்னொரு தடவை அவர்கள் மாட்டிவிட்டதைக் கழற்ற. இன்னொருவரை அதே செலவுக்குள் இழுத்துவிட எனக்கு மனசு வரவில்லை. அடுத்த ஆண்டு மாடலில் சின்னச் சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் விருப்பத் தேர்வாகவாவது கொடுத்தால் நானே போன் பண்ணிச் சொல்கிறேன்.