குழி அறையா, செங்கல் தொட்டியா, ஃபிரிட்ஜா?

கனடாக்காரர்கள் வீட்டுக்கு அடியில் நிலவறை கட்டி, அக்டோபரில் பிடுங்கிய கேரட்டை மார்ச்சில் எடுத்துச் சமைக்கிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆசை முற்றி, மதுரைப் பக்கம் எங்கள் கொல்லையில் ஆளுயரத்துக்கு ஒரு குழி வெட்டினேன். வெட்டுக்கூலி ஒரு பக்கம், வீட்டில் வாங்கிய பேச்சு இன்னொரு பக்கம். மூடி போட்டு ஒரு வாரம் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்தால் 29 டிகிரி, அசையவே இல்லை.

வெட்டுவதற்கு முன்னால் யோசித்திருக்கலாம். மண்ணுக்குள் கொஞ்சம் ஆழம் போனால் அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பம்தான் இருக்கும். அவர்களுக்கு அது பத்துக்கும் கீழே, அதோடு குளிர்காலத்து இரவுக் காற்றையும் உள்ளே விட்டு 0 முதல் 4 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். நம் சமவெளியில் சராசரியே 28, 29. எவ்வளவு தோண்டினாலும் அதற்குக் கீழே இறங்காது. ஊட்டிக்காரர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம். என் குழி இப்போது எருக்குழி.

நமக்கு வேலை செய்வது ஈரம்தான். தில்லி பூசாவில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் காய்கறி வைக்க ஒரு தொட்டியை வடிவமைத்தது. இரண்டு வரிசைச் செங்கல் சுவர், நடுவே 7.5 செ.மீ. இடைவெளி, அதில் ஆற்று மணல், மேலே நனைத்த சாக்கு. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும், கரண்ட் வேண்டாம். அவர்கள் சொன்ன அளவில் கட்டினால் 100 கிலோ பிடிக்கும், நான் கட்டியது அதில் பாதி. ஆற்று மணல் விற்கிற விலைக்கு எம் சாண்டை வைத்தே ஓட்டினேன். நான் இல்லாத நேரத்தில் கொத்தனார் அழகாக இருக்கட்டும் என்று வெளிச்சுவருக்குச் சிமெண்ட் பூசிவிட்டார், அத்தனையையும் கொத்தி எடுக்க வேண்டியதாயிற்று. செங்கல் வழியாகத் தண்ணீர் ஆவியானால்தானே உள்ளே குளிரும்!

ஏப்ரலில் வெளியே 38 இருந்தபோது உள்ளே 27. கத்தரிக்காய் ஒரு வாரம் பளபளப்புக் குறையாமல் இருந்தது, முளைக்கீரை மூன்றாம் நாளும் தலை சாயவில்லை. ஆனால் இந்த வித்தை வறண்ட காற்றுக்குத்தான். சென்னையில் 33 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமுமாக இருக்கிற நாளில் கணக்குப்படியே 28க்குக் கீழே போகாது, அதற்காகத் தொட்டி கட்டுவது வீண். அங்கே ஃபிரிட்ஜே மேல்.

ஃபிரிட்ஜைக் குறை சொல்லவில்லை. கேரட், பீட்ரூட், பீன்ஸ் எல்லாவற்றுக்கும் அதை மிஞ்ச நம் ஊரில் வேறு எதுவும் கிடையாது. ஆனால் வெண்டைக்கும் கத்தரிக்கும் 10 டிகிரிக்குக் கீழே போனால் ஆகாது. நாலைந்து நாளில் வெண்டையின் தோலில் சின்னச் சின்னக் குழியாக விழும், கத்தரியை வெட்டினால் விதை கறுத்திருக்கும். தக்காளி கெடாது, ஆனால் வாசம் போய்விடும், ரசம் வைத்தால் தெரியும்.

சின்ன வெங்காயத்தைத் தொட்டியிலும் வைக்காதீர்கள், ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் முளைக்கும் அல்லது அழுகும். எங்கள் அப்பத்தா தாளோடு நிழலில் உலர்த்துவார், கழுத்தைத் திருகிப் பார்த்துச் சரசரவென்று இருந்தால்தான் கொத்தாகக் கட்டிப் பரணுக்குக் கீழே தொங்கவிடுவார். பெரிதாகப் பயிரிடுகிறவர்கள் திண்டுக்கல், பெரம்பலூர்ப் பக்கம் போடும் பட்டறையும் இதே சூத்திரம்தான்: கீழே கல் வைத்துத் தரையிலிருந்து உயர்த்தி, நாலு பக்கமும் காற்றுப் புகும்படி விட்டு, மேலே கீற்று. மூன்று நான்கு மாதம் தாங்கும்.

சாம்பல் பூசணியைக் காம்போடு அறுத்து, உறியிலோ பரணிலோ வைத்துவிட்டு மறந்துவிடலாம். அந்த வெள்ளைப் பொடியை மட்டும் துடைத்துவிடாதீர்கள், அதுதான் அதற்கு மேல்சட்டை. என் மகன் சுத்தம் செய்கிறேன் என்று துணியால் துடைத்த காய்தான் முதலில் கொழகொழத்தது. சேனைக்கும் நிழலும் காற்றும் போதும், ஒன்றோடொன்று உரசாமல் பரப்பி வைத்தால் சரி.

மரவள்ளிக்கு இவை எதுவுமே ஒத்துவராது. பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீல நரம்பு ஓடிவிடும். சமைக்கிற அன்று காலையில் பிடுங்குங்கள், அதுவரை மண்ணிலேயே கிடக்கட்டும்.