கார்பெட் போடுவதற்காகத் தேக்குப் பட்டையைக் கழற்ற விட்டேன், நீங்கள் விடாதீர்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் போன ஆவணியில் அம்மாவின் அறையில் சுவருக்குச் சுவர் கார்பெட் போட்டோம். முழங்கால் வலியால் அம்மாவுக்குக் குளிர்ந்த சிமெண்ட் தரையில் கால் வைக்க முடியவில்லை. பத்தமடைப் பாய் விரித்தால் நடக்கும்போது நழுவுகிறது. நகருக்குள் ஒரு கடையில் வேலையை ஒப்படைத்தேன்.

அந்த அறையில் சுவரின் அடியில் நான்கு அங்குல உயரத்துக்குத் தேக்குப் பட்டை ஓடியது. கதவு நிலைக்கு வாங்கியதில் மிஞ்சிய தேக்கை, அப்பா ஆசாரியைப் பக்கத்தில் உட்காரவைத்து இழைத்துப் போட்டது. அளக்க வந்தவர் குனிந்து அதைத் தட்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, இந்த ஸ்கர்ட்டிங்கைக் கழற்றினால்தான் கார்பெட் உள்ளே போகும். வேலை முடிந்ததும் அப்படியே திருப்பி அடித்துவிடுவோம்” என்றார். அடிக்கு 40 ரூபாய், 48 அடிக்கு 1,920 ரூபாய். சம்மதித்தேன்.

அவர் சொன்னது பொய். நல்ல நிலையில் இருக்கும் பட்டையைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. பட்டைக்கு முன்னால் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, முள் வைத்த மெல்லிய மரச்சட்டத்தைத் தரையில் அடிப்பார்கள். கிரிப்பர் என்று பெயர். முட்கள் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். கார்பெட்டை இழுத்து அந்த முட்களில் மாட்டி, ஓரத்தை அந்த இடைவெளிக்குள் அழுத்திச் செருகினால் வேலை முடிந்தது. பட்டையின் காலடியில் பீடிங் எனப்படும் சின்ன மரக்கீற்று ஓடினால் அதை மட்டும் எடுத்தால் போதும். புதிதாகப் பட்டை அடிக்கும் வீட்டில்கூட, கார்பெட்டுக்கு இடம் விட்டுத் தரையிலிருந்து ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தூக்கி அடிப்பார்கள். இதையெல்லாம் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

வேலை நடந்த அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். கடப்பாரையை விட்டு நெம்பியிருக்கிறார்கள். பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து செங்கல் தெரிந்தது. சாயங்காலம் வந்தால் தேக்கு ஒரு துண்டும் இல்லை. லோடு ஆட்டோவில் ஏற்றிப் போய்விட்டார்கள். “உள்ளே கரையான் அரித்துவிட்டது, அண்ணாச்சி” என்றார்கள். வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் அவ்வளவு எளிதில் தொடுமா? அதற்குப் பதிலாக வெள்ளைச் சாயம் பூசிய எம்டிஎஃப் பட்டையை அடித்து, அடிக்கு 95 வீதம் 4,560 ரூபாய் கேட்டார்கள். அம்மா வெறும் தரையில் எத்தனை நாள் நடப்பாள் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன்.

கிரிப்பரும் வைக்கவில்லை. ஓரமெல்லாம் பசை தடவி, கார்பெட்டின் மேலேயே புதுப் பட்டையை அழுத்தி ஆணி அடித்திருக்கிறார்கள். ஐப்பசி மழையில் ஜன்னல் வழியாகச் சாரல் இறங்கியது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகைதானே எம்டிஎஃப்? அடிப்பக்கம் தண்ணீரை உறிஞ்சி, நனைந்த ரொட்டியைப் போல உப்பிவிட்டது. நனைந்த கார்பெட்டைத் தூக்கி உலர்த்தலாம் என்றால், பட்டையை உடைக்காமல் தூக்க முடியவில்லை. அறைக்குள் நுழைந்தாலே பூஞ்சை வாடை.

கடைக்காரரிடம் தேக்கைத் திருப்பிக் கேட்டால், “பில்லில் அப்படி எழுதவில்லையே” என்கிறார். அவர் சொல்வது சரிதான், எழுதவில்லை. நீங்கள் எழுதி வாங்குங்கள்: கழற்றும் மரம் வீட்டுக்காரருடையது, கிரிப்பர் வைத்து வேலை செய்ய வேண்டும் என்று. மரத்தை எதற்காகவாவது கழற்றத்தான் வேண்டுமென்றால், ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பென்சிலால் எண் போட்டு, முன்கூட்டியே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். சாட்சிக்கு ஒன்று இருக்கிறது. கதவு நிலைக்கும் சுவர் அலமாரிக்கும் நடுவில் கடப்பாரை நுழையாததால் ஓரடித் தேக்கை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். கரையான் அரித்த தடம் அதில் ஒன்றுகூட இல்லை. அறை முழுவதும் கார்பெட் ஓரம் சுருண்டு கிடக்க, அந்த ஓரடியில் மட்டும் பட்டையோடு ஒட்டிச் சீராகப் படிந்திருக்கிறது.