புளிய மரத்தில் இரண்டு இரவுகள்: தென்மராட்சியின் மரவீட்டு விடுதி

யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில் மூன்று மரவீடுகளைக் கட்டி விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். கடந்த ஆனி மாதம், சோழகக் காற்று வீசிய நாட்களில், குடும்பமாக அங்கே தங்கினோம். வன்னியில் யானைக்குக் காவலிருக்கும் பரண்களில் இளவயதில் படுத்தெழும்பியவன் நான். எனினும், மரத்துக்கும் இடைஞ்சல் இல்லாமல் கட்டிய வீடொன்றை இங்கேதான் முதன்முதலாகக் கண்டேன்.

நாங்கள் இருந்தது புளிய மரத்து வீடு. முதிரை மரத் தீராந்திகளின் (தளம் தாங்கும் விட்டங்களின்) மேல் பலகைத் தளம், பனஞ்சிலாகைக் கூரை, அதன்மேல் பனையோலை. ஒவ்வொரு தீராந்தியின் ஒரு முனையும் தடித்த புரியாணி (திருகாணி) ஒன்றால் மரத்தில் இறுக்கப்பட்டிருக்க, மறுமுனை அடுத்த கவரில் (கிளையில்) பொருத்திய இரும்புத் தட்டின் மேல் சும்மா கிடக்கிறது. காற்றில் இரண்டு கவர்களும் வெவ்வேறாக அசைவதால், இரு முனைகளையும் இறுக்கினால் ஆணி பிடுங்கும், அல்லது மரம் பிளக்கும். மாலையில் காற்று எழுந்தபோது தட்டின் ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். தீராந்தி ஒரு விரற்கடை முன்னே வந்து, மெல்லப் பின்னே போயிற்று. வீடே தோணி போல் ஆடியது. முதலில் பயந்த மகள் அந்த ஆட்டத்திலேயே உறங்கிப் போனாள்.

இரண்டாவது வீடு இரு மாமரங்களுக்கு நடுவே, கடகப் பெட்டியின் வடிவில், ஓலை இழைத்த வட்டச் சுவரோடு இருக்கிறது. அதைப் பார்த்தபோது சுவீடனின் ஹராட்ஸ் கிராமத்தில் 2010 இல் தொடங்கிய மரவீட்டு விடுதி நினைவுக்கு வந்தது. அங்கே சுள்ளிகள் போர்த்த பறவைக்கூடும், பறக்கும் தட்டும், பக்கத்துக்கு 4 மீற்றர் கொண்ட கண்ணாடிக் கனசதுரமும் தங்கும் அறைகளாக மரங்களிடையே நிற்கின்றன. சுற்றியுள்ள காட்டையே காட்டும் அந்தக் கண்ணாடியில் பறவைகள் மோதாதிருக்க, அவற்றின் கண்ணுக்குத் தெரியும் புறஊதாப் படலம் ஒட்டியிருக்கிறார்கள். யப்பானியக் கட்டடக் கலைஞர் தெருநோபு புஜிமோரி 2004 இல் கட்டிய தேநீர்க் குடிலோ, வெட்டிக் கொண்டுவந்து நட்ட இரண்டு அடிமரங்களின் மேல் உயரே நிற்கிறது. அழகில் அது குறைந்ததன்று. ஆனாலும் தளிர்விடும் மரத்தின் மேல் இருப்பதையே என் மனம் விரும்புகிறது.

அதனால்தான் மூன்றாவது வீடு என்னை வருத்தியது. வேம்பின் அடியைச் சுற்றி இரும்புப் பட்டியொன்றை இறுக்கி, அதிலேயே தளத்தைத் தாங்க வைத்திருக்கிறார்கள். பட்டை வீங்கிப் பட்டியின் மேல் வழிந்திருந்தது. விளிம்பில் பிசின் கட்டியிருந்தது. மரம் பருக்கப் பருக்கப் பட்டி அதன் பட்டைக்குள் புதையும். இலைகள் ஆக்கும் உணவு வேருக்கு இறங்கும் வழி அடைபட்டு, மரம் மெல்லப் பட்டுப்போகும். உரிமையாளரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, மழைக்கு முன் பட்டியை அகற்றிக் கப்புகள் (தூண்கள்) நட்டுத் தாங்குவதாகச் சொன்னார்.

இரவுப் பிட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் அருமை. கழிப்பறை நிலத்தில் இருப்பதால் முழங்கால் வலியுள்ளோருக்கு இரவில் படியிறங்குவது கடினம். நுளம்பு வலை தருகிறார்கள், கைவிளக்கை நீங்களே கொண்டுபோக வேண்டும். புளிய மரத்து வீட்டைக் கேட்டு வாங்குங்கள். பட்டி கழன்ற பிறகு வேம்பிலும் ஓரிரவு தங்கலாம் என்றிருக்கிறோம்.