29,000 பவுண்ட் வரம்பு: ஓவர்டைமா, வேலை மாற்றமா, வங்கியில் பணமா?

பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலிக்கு வாரம் 40 மணி நேரம் வேலை செய்பவருக்கு, 2025 ஏப்ரல் விகிதமான மணிக்கு 12.21 பவுண்டின்படி, வரிப்பிடித்தத்துக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 25,400 பவுண்ட் வந்தது. ஊரில் இருக்கும் மனைவியையோ கணவரையோ அழைத்துக்கொள்ள அவர் காட்ட வேண்டிய வருமானம் 29,000. அந்த விகிதத்தில் முழுநேரம் உழைத்தும் 3,600 துண்டு விழுகிறது. 2012 ஜூலையிலிருந்து 18,600 ஆக இருந்த வரம்பு 2024 ஏப்ரல் 11 அன்று ஒரே தாவலில் இந்த இடத்துக்கு வந்தது. 38,700 வரை ஏற்றப்போவதாக அறிவித்திருந்த மீதிப் படிகளை அடுத்து வந்த அரசு நிறுத்திவைத்திருப்பது ஒன்றுதான் ஆறுதல். அந்தத் தேதிக்கு முன்பே துணைவர் விசாவுக்கு விண்ணப்பித்து, அதே துணைவருடன் நீட்டிப்புக்குப் போகிறவர்களுக்குப் பழைய வரம்பே தொடர்கிறது. மற்ற எல்லோருக்கும் 29,000 தான்.

இந்த 3,600-ஐ அடைக்க என்னென்ன வழி, எதற்கு என்ன விலை என்பதே இங்கே பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றைச் சம்பளக்காரர் உழைப்பை வருமானக் கணக்கில் போட வேண்டும். கையில் சேரும் பணத்தை விசாக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இதை மாற்றிச் செய்யப்போனால் இரண்டும் கெடும்.

வங்கியில் பணம் காட்டுவது

பலர் முதலில் நினைப்பது இதைத்தான். சூத்திரம் எளிது: குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்கி, அதனுடன் 16,000 கூட்ட வேண்டும். வருமானமே இல்லாதவர் சேமிப்பை மட்டும் காட்டினால் 88,500 வேண்டும். நம் 3,600 குறைவுக்கு 9,000-மும் 16,000-மும் சேர்ந்து 25,000 பவுண்ட். கிட்டத்தட்ட ஓராண்டுச் சம்பளம், அதுவும் ஆறு மாதம் கணக்கில் குறையாமல் கிடக்க வேண்டும்.

வலிக்கிற இடம் அந்த 16,000. அது வெறும் வாசல் கட்டணம். அதற்கு மேல் இருக்கிற பணம்தான் குறைவை அடைக்கிறது. உங்கள் வருமானம் 28,900, நூறு பவுண்ட் மட்டும் குறைகிறது என்று வையுங்கள். சேமிப்பு வழியில் அந்த நூறுக்கு 16,250 பவுண்ட் காட்ட வேண்டும். மணிக்கூலிக்காரர் அதே நூறை ஓவர்டைமில் ஈடுகட்ட, ஆறு மாதத்தில் 50 பவுண்ட் கூடுதலாகச் சம்பாதித்தால் போதும். நாலு மணி நேர வேலை. ஒரே ஓட்டைக்கு ஒரு பக்கம் 16,250 பவுண்ட், மறுபக்கம் அரை ஷிப்ட். இதை அறியாமல் உறவினரிடம் கைமாற்றுக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். கைமாற்று எப்படியும் செல்லாது. கடன் வாங்கிய பணம் சேமிப்பாகாது. பெற்றோர் திருப்பிக் கேட்காமல் கொடுத்த பணம் செல்லும். ஆனால் அதுவும் ஆறு மாதம் உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும், எங்கிருந்து வந்தது என்று காட்டவும் வேண்டும்.

நகை கணக்கில் வராது. விற்றுப் பணமாக்கி வங்கியில் போட்டால் அன்றிலிருந்து ஆறு மாதம் எண்ணத் தொடங்க வேண்டியதுதான். சீட்டுப் பணத்தில் இன்னொரு சிக்கல். முதல் மாதங்களிலேயே கழித்து எடுத்த சீட்டு, மீதித் தவணை கட்டி முடிக்கும் வரை கடன்தான். கடைசியில் எடுத்தால் அது உங்கள் சேமிப்பு, ஆனால் மொத்தமாகக் கணக்கில் விழும் தொகைக்குக் காகிதம் கேட்பார்கள். பெரும்பாலான சீட்டுகளுக்குக் கொப்பியில் எழுதிய பெயர்ப் பட்டியலைத் தவிர வேறு காகிதம் கிடையாது.

அப்படியானால் சேமிப்பு வழி யாருக்கு? ஊரில் நிலமோ வீடோ இருக்கிறவர்களுக்கு. சொத்து விற்ற பணத்துக்கு ஒரு சலுகை உண்டு: அந்தச் சொத்து ஆறு மாதத்துக்கு முன்பே உங்கள் பெயரிலோ துணைவர் பெயரிலோ இருந்தது என்று காட்ட முடிந்தால், பணம் ஆறு மாதம் வங்கியில் கிடக்கத் தேவையில்லை. ஊரில் இருக்கும் துணைவர் பெயரில் உள்ள சேமிப்பும் செல்லும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அங்கே அவர் வாங்கும் சம்பளத்துக்கு முதல் விண்ணப்பத்தில் மதிப்பே இல்லை. அவருடைய வைப்புத்தொகைக்கு உண்டு. முதிர்வுக்கு முன் எடுத்தால் அபராதம் என்றாலும், எடுக்க முடிகிற வைப்பாக இருந்தால் போதும்.

ஓவர்டைம்

வாரம் 40 மணி நேரத்தை 46 ஆக்கினால் 12.21 விகிதத்திலேயே ஆண்டுக்கு 29,200 வருகிறது. ஒரே முதலாளியிடம் ஆறு மாதமாக வேலையில் இருப்பவருக்கு அந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளும், அதே சம்பளம் வந்து விழுந்த வங்கிக் கணக்கு அறிக்கையும், வேலை கொடுத்தவரின் கடிதமும் போதும். மணிக்கூலியும் ஓவர்டைமும் ஆறு மாதச் சராசரியாகத்தான் பார்க்கப்படுகின்றன. ஆறு மாதத்தில் மொத்தம் 14,500 தொட்டால் ஆண்டுக்கு 29,000 என்று கணக்காகும். பார்ப்பது வரிக்கு முந்தைய தொகையை. உங்கள் வாடகை எவ்வளவு, கார்த் தவணை எவ்வளவு என்பது இந்த வரம்புக்குள் வருவதில்லை.

சராசரி என்பதால் ஒரு மெலிந்த மாதம் முழுக் கணக்கையும் இழுத்துவிடும். இதில் அதிகம் பேர் சிக்குவது கல்யாணத்தில்தான். ஆறு மாதத்தின் நடுவில் மூன்று வாரம் சம்பளமில்லா விடுப்பில் ஊருக்குப் போய்த் தாலி கட்டிவிட்டு வருகிறார் ஒருவர். வாரம் 46 மணி நேரத்துக்கு 561 பவுண்ட் 66 பென்ஸ். மூன்று வாரத்துக்கு 1,685 போயிற்று. 26 வாரத்துக்கு 14,600 வந்திருக்க வேண்டியது 12,900 ஆகிறது. ஆண்டுக் கணக்கில் 25,800. மீதி மாதங்களில் பார்த்த ஓவர்டைம் அத்தனையும் வீண். கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்து அதன் பிறகு ஆறு மாதத்தை எண்ணத் தொடங்குவது, அல்லது சம்பளத்துடன் கூடிய விடுப்பை அந்த வாரங்களுக்கென்று சேர்த்துவைப்பது, இரண்டில் ஒன்றைச் செய்துதான் ஆக வேண்டும்.

நிரந்தர மாதச் சம்பளக்காரருக்கு விதி வேறு. அடிப்படைச் சம்பளத்தில் ஆறு மாதத்தில் இருந்த மிகக் குறைந்த நிலையைத்தான் எடுப்பார்கள். மூன்றாவது மாதத்தில் சம்பள உயர்வு வந்தால் அன்றிலிருந்து ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கையில் ரொக்கமாக வாங்கி, வரிக்கணக்கில் ஏறாத ஓவர்டைம் ஓவர்டைமே அல்ல. சம்பளச் சீட்டில் வராத உழைப்பு விசாவுக்குப் பயன்படாது.

வேலை மாற்றமும் இரண்டாவது வேலையும்

மணிக்குக் கூடுதலாகத் தருகிற வேலை கிடைக்குமானால் அதையே முதலில் பார்ப்பேன். ஓவர்டைமுக்கும் ஆறு மாதம், புதிய வேலைக்கும் ஆறு மாதம். காலம் ஒன்றுதான், தூக்கம் மிச்சம். ஆனால் அவசரப்படக் கூடாது. புதிய இடத்தில் ஆறு மாதம் முடியுமுன் விண்ணப்பித்தால் வேறு விதிக்குள் போய்விடுவீர்கள்: இப்போதைய சம்பளமும் 29,000 இருக்க வேண்டும், கடந்த 12 மாதங்களில் உண்மையில் கைக்கு வந்த வருமானமும் 29,000 இருக்க வேண்டும். பழைய வேலையில் 25,400 வாங்கியவருக்கு இரண்டாவது நிபந்தனை எட்டாது. தகுதிகாண் காலத்தில் வேலை போனால் எல்லாம் முதலிலிருந்து என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

வார இறுதியில் இரண்டாவது வேலை பார்த்தாலும் அதிலும் ஆறு மாதம் நிலைத்திருக்க வேண்டும். வரியில்லா வரம்பு முதல் வேலையிலேயே தீர்ந்திருக்கும் என்பதால் இரண்டாவது வேலையில் முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடிப்பார்கள். விசாவுக்கு மொத்தச் சம்பளம்தான் கணக்கு என்பதால் அது கைச்செலவைத்தான் பாதிக்கும். இரண்டு இடத்துச் சீட்டு, இரண்டு கடிதம், இரண்டு மேலாளர். அதே முதலாளியிடம் கூடுதல் நேரம் கிடைக்குமானால் இதற்குள் போக வேண்டாம் என்பேன்.

சுயதொழில் செய்பவர்களுக்கு முழு வரியாண்டு ஒன்று முடிய வேண்டும். வரவு அல்ல, இலாபம்தான் வருமானம். குறையைச் சேமிப்பால் அடைக்கவும் முடியாது. வரியைக் குறைக்கச் செலவை ஏற்றிக் காட்டியவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

இவை எதுவும் தேவைப்படாத ஒரு பிரிவினர் உண்டு. அழைப்பவர் பி.ஐ.பி. போன்ற ஊனமுற்றோர் உதவித்தொகையோ பராமரிப்பாளர் உதவித்தொகையோ பெற்றால் 29,000 வரம்பு பொருந்தாது. வாடகை போக மீதியில் இருவர் வாழ முடியுமா என்று மட்டும் பார்ப்பார்கள். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் ஓவர்டைமுக்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

கட்டணத்துக்குப் பணம்: சேர்ப்பதா, கடனா?

2025 ஏப்ரல் நிலவரப்படி வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க 1,938 பவுண்ட். சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம் மூன்று ஆண்டுக்கு 3,105. விசா 33 மாதம்தான், இருந்தாலும் மூன்று ஆண்டுக்கு வாங்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே தடவையில் கட்ட வேண்டிய 5,043. இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து வருபவருக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் ஆங்கிலத் தேர்வும் இதற்கு மேல்.

25,400 சம்பளத்தில் வருமான வரியும் தேசியக் காப்பீடும் போக மாதம் கைக்கு வருவது சுமார் 1,817. 29,000-இல் 2,033. ஓய்வூதியப் பிடித்தம் இருந்தால் இரண்டிலும் இன்னும் குறையும். ஆக ஓவர்டைமின் பலன் மாதம் 216 பவுண்ட்தான். ஆறு மாதத்தில் சுமார் 1,300. மீதி 3,700-க்கு மேல் எங்கிருந்து வரும்? வருமானத்துக்கு ஆறு மாதம் போதும், கட்டணத்துக்குப் போதாது. மாதம் 280 ஒதுக்கினால் 18 மாதம். அதனால் கட்டணத்துக்கான ஒதுக்கீட்டை ஓராண்டு முன்னதாகத் தொடங்கி, கடைசி ஆறு மாதத்தில் ஓவர்டைமைச் சேர்ப்பதே என் கணக்குக்குச் சரிப்படுகிறது. 46 மணி நேர வாரத்தை ஒன்றரை ஆண்டு இழுக்கவும் தேவையில்லை.

காத்திருக்க முடியாதவர்கள் கட்டணத்துக்குக் கடன் வாங்குவதில் தடை ஏதும் இல்லை. சேமிப்பாகக் காட்டத்தான் கடன் ஆகாது. ஆனால் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும், 1,938 வராது. காகிதங்கள் கச்சிதமாக இருக்கிறபோது மட்டும் கடனைத் தொடலாம். சீக்கிர முடிவுக்கென்று கேட்கிற 500 பவுண்டைக் கடன் வாங்கிக் கட்டுவதில் அர்த்தமில்லை. சேமிப்பையும் சேர்த்துக் காட்டுகிறவர்கள் கட்டணப் பணத்தை வேறொரு கணக்கில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காட்டுகிற தொகை குறைந்துவிடும்.

வாடகையில் மிச்சம் பிடிக்க முடியுமா என்றால், முடியும். உறவினர் வீட்டில் தங்கலாம். தம்பதிக்கென்று தனி அறை இருக்க வேண்டும், வீடு நெரிசலாக இருக்கக் கூடாது, வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தர வேண்டும். திருமணத்தை இங்கே வைத்துக்கொண்டால் மலிவு என்று சிலர் வருங்காலத் துணைவர் விசாவை நாடுகிறார்கள். அது மலிவல்ல. அதே 1,938 கட்டி ஆறு மாதத்துக்கு வந்து, அந்தக் காலத்தில் வேலை செய்ய அனுமதியும் இல்லாமல், பிறகு இங்கிருந்தபடி 1,321-மும் சுகாதாரக் கட்டணம் 2,587.50-மும் கட்ட வேண்டும். மொத்தம் 5,846.50. ஊரில் பதிவுத் திருமணம் முடித்து வருவதைவிட 800 பவுண்ட் கூடுதல்.

வந்து சேர்ந்த பிறகு வீட்டுச் செலவுக் கணக்கில் முதலில் மாறுவது உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி. தனியாக வாழ்பவருக்கான 25 சதவீதத் தள்ளுபடி அன்றோடு முடிகிறது. கவுன்சிலுக்கு உடனே அறிவிக்க வேண்டும். அடுத்தது நீட்டிப்பு: அதே 2025 விகிதத்தில் 1,321-மும் 2,587.50-மும் சேர்ந்து 3,908.50. முதல் மாதத்திலிருந்து மாதம் 131 பவுண்ட் ஒதுக்கினால் முப்பது மாதத்தில் கைக்கு வந்துவிடும். துணைவர் விசாவில் வந்தவர் வந்த நாளிலிருந்தே வேலை செய்யலாம், நீட்டிப்பில் அவருடைய சம்பளமும் 29,000-இல் சேரும். அவர் பகுதிநேர வேலையில் ஆண்டுக்கு 4,000 கொண்டுவந்தாலும் நீங்கள் 40 மணி நேரத்துக்குத் திரும்பிவிடலாம்.