ஏஐயிடம் கேட்கும் முன்: எழுதி வைப்பதா, பேசித் தெளிவதா?

தமிழ்நாடு அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்க ஏஐயிடம் திட்டம் கேட்பதில் மூன்று வழி இருக்கிறது. யாரோ பகிர்ந்த ப்ராம்ப்டை, அதாவது ஏஐக்குக் கொடுக்கிற கட்டளையை, அப்படியே ஒட்டுவது ஒன்று. ‘என்னிடம் கேள்வி கேட்டு நீயே தெரிந்துகொள்’ என்று விட்டுவிடுவது இன்னொன்று. நமக்கு என்ன வேண்டும் என்று முதலில் நாலு வரி எழுதிவிட்டு அதைக் கொடுப்பது மூன்றாவது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற ஆள் நான், மூன்றாவதில்தான் நிற்கிறேன், அதனால் பேச்சு அந்தப் பக்கம் சாயும்.

ஒட்டுகிற வழியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நாள் முழுக்க வீட்டிலிருந்து படிக்கிற ஒருவரின் அட்டவணை, இரவு ஒன்பதுக்கு மேல் புத்தகத்தைத் திறக்கிறவருக்கு எதற்கு?

கேள்வி கேட்க வைப்பது நல்ல வழிதான். நாம் யோசித்தே இராத ஒன்றிரண்டைக் கேட்டுவிடும். சிக்கல் என்னவென்றால், ‘எந்தப் பாடம் கஷ்டம்?’ என்று கேட்கும், நாம் கணக்கு என்போம், திட்டத்தில் பாதி கணக்காகிவிடும். ஆனால் தேர்வில் மொத்தம் 200 கேள்வி, அதில் கணக்கு வருகிற திறனறிவு 25தான். தமிழ் மட்டும் 100, அதில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காவிட்டால் பொது அறிவு, கணக்கு இருக்கிற அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இதெல்லாம் ஏஐக்குத் தெரியாது என்றில்லை, கேட்டால் சொல்லும். நாம் சொன்னது பயத்தை, அது திட்டம் போட்டதும் பயத்துக்குத்தான்.

எழுதி வைப்பது என்றால் கட்டுரை இல்லை. என் தாள் இவ்வளவுதான்: ‘தமிழில் 90 கேள்வி சரியாக வர வேண்டும். வார நாளில் இரவு 9 முதல் 10.30 வரைதான் நேரம். ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு மட்டும். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் புத்தகம் தாண்டி எதையும் சொல்லாதே.’ கடைசி வரிதான் அதிகம் உழைக்கிறது. வேண்டாததைச் சொல்லிவிட்டால் பதில் பாதியாகக் குறையும், மிச்சமிருப்பது சரியா தப்பா என்று நம்மாலேயே பார்க்க முடியும்.

ஆனால் என்னை இந்தப் பக்கம் இழுத்தது அதுகூட இல்லை, பராமரிப்பு. படிப்பு மாதக்கணக்கில் போகிற விஷயம், நடுவில் ஷிஃப்ட் மாறும், வீட்டில் விசேஷம் வரும். தாள் இருந்தால் ஒரு வரியைத் திருத்திப் புது சாட்டில் ஒட்டினால் முடிந்தது. பேசிப் பேசித் தெளிந்தவருக்கு அந்த இலக்கு நீண்ட உரையாடலில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். கீழே புது நேரத்தைச் சொன்ன பிறகும் மேலே சொன்ன பழைய நேரம் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். இலவச அக்கவுண்ட் இன்றைக்கு இவ்வளவுதான் என்று நின்றாலும் சரி, சாட்ஜிபிடியிலிருந்து ஜெமினிக்கோ கிளாடுக்கோ அந்தத் தாளோடு போய்விடலாம். நினைவு வைத்துக்கொள்ளும் வசதி வந்துவிட்டதே என்பார்கள். எதை நினைவில் வைத்தது, எதை விட்டது என்று போய்ப் பார்க்கிற நேரத்தில் தாளையே திருத்திவிடலாம்.

ஒன்று சொல்ல வேண்டும், எந்தத் தேர்வு எழுதுவது என்று முடிவு செய்துவிட்டவரின் அனுபவம் இது. குரூப் 4ஆ, வங்கித் தேர்வா என்றே தெரியாமல் இருப்பவருக்குக் கேள்வி வழி இன்னும் உதவலாம், அந்த நிலையில் நான் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. அப்படிப் போனாலும் முடிவில், ‘இதுவரை பேசியதிலிருந்து என் இலக்கை ஐந்து வரியில் எழுது’ என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் நீங்கள் சொல்லாத வரி இருந்தால் அடித்துவிடுங்கள்.