பினாங்குக் கடைக்கு எந்தப் பேக்லிங்க் பயன் தரும்? நான்கு வழிகளின் ஒப்பீட்டு அலசல்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் லெபோ குயின், லெபோ பாசார், பினாங்கு ஸ்திரீட் வட்டாரத்தில் கடை நடத்துவோர், தங்கள் அகப்பக்கத்தைக் கூகுளின் முதற்பக்கத்துக்குக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லும் அழைப்புகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அடிக்கடி பெறுகிறார்கள். அச்செய்திகளில் பெரும்பாலும் விற்கப்படுவது பேக்லிங்க், அதாவது பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு. இணைப்பு தேவை என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஒரே பெயரில் விற்கப்படும் அல்லது கிடைக்கும் இணைப்புகளுக்கிடையே மதிப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருப்பதால், அவற்றை அருகருகே வைத்துப் பார்த்த பிறகே பணத்தையோ நேரத்தையோ செலவிட வேண்டும்.

1998இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் முன்வைத்த, கூகுளுக்கு அடிப்படையாக அமைந்த பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்பதை மட்டும் எண்ணவில்லை. சுட்டும் பக்கங்களைப் பிறர் எந்த அளவுக்குச் சுட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்தே கணக்கிட்டது. கூகுளின் கணிப்புமுறை அதன்பின் எவ்வளவோ மாறிவிட்டபோதிலும், இணைப்பின் எடை அதைத் தருபவரின் எடையைப் பொறுத்தது என்ற அடிப்படை மாறவில்லை. உள்ளூர்க் கடைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வரைபடத்துடன் வரும் உள்ளூர்த் தேடல் முடிவுகளைப் பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றைக் கொண்டு வரிசைப்படுத்துவதாகக் கூகுளே கூறுகிறது. தேடுபவர் பட்டர்வொர்த்தில் இருந்தால், தீவிலுள்ள கடையின் தொலைவை யாராலும் குறைக்க முடியாது. இணைப்புகளும் கட்டுரைகளும் வாடிக்கையாளர் விமர்சனங்களும் மூன்றாவதான பிரபலத்துக்குத்தான் உதவுகின்றன. ஆகவே இணைப்பை மட்டும் விற்றுக்கொண்டு முதலிடத்துக்கு உத்தரவாதம் தருபவர், தம் கையில் இல்லாத ஒன்றையும் சேர்த்தே விற்கிறார்.

எடுத்துக்காட்டுக்காக, மாலை கட்டுவதும் திருமண மணவறை அலங்காரம் செய்வதுமான ஒரு கடையை ஜார்ஜ்டவுனில் வைத்துக்கொள்வோம். அதன் முன்னுள்ள வழிகள் நான்கு.

விலைக்கு வரும் தொகுப்பு

சில நூறு ரிங்கிட்டுக்கு நூற்றுக்கணக்கான இணைப்புகள் என்பது முதல் வழி. இதன் கவர்ச்சி வேகத்தில் இருக்கிறது. பணம் கட்டிய சில வாரங்களில் நீண்டதொரு பட்டியல் கைக்கு வரும். ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே 'டிஏ 40', 'டிஏ 55' என்று எண்கள் இருக்கும். அந்த எண் மோஸ் என்ற தனியார் நிறுவனம் ஒரு தளத்துக்கு 1 முதல் 100 வரை தரும் மதிப்பீடு (டொமைன் அத்தாரிட்டி). கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. பட்டியலில் உள்ள பத்து முகவரிகளைத் திறந்து பார்த்தாலே சரக்கின் தரம் தெரிந்துவிடும். ஒரே தளத்தில் நாய் வளர்ப்பு, சூதாட்டம், பல் மருத்துவம், வீட்டுக்கடன் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். எழுதியவர் யார், தளத்தை நடத்துபவர் யார் என்பதற்கு விடை இருக்காது. நம் கடைக்கான இணைப்பு 'பெஸ்ட் ஃபுளோரிஸ்ட் பினாங்கு' என்ற அதே சொற்களில் எல்லாப் பக்கங்களிலும் ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தின் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுக் கூகுளில் தேடினால், பல நேரங்களில் அப்பக்கம் கூகுளின் பதிவிலேயே இல்லை என்பதும் தெரியவரும்.

முன்பு இத்தகைய இணைப்புகள் வேலை செய்தன என்பது உண்மை. 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கூகுள் வெளியிட்ட பிறகு, செயற்கை இணைப்புகளை நம்பிய தளங்கள் தரவரிசையில் சரிந்தன. 2016 செப்டம்பரில் அது மூலக் கணிப்புமுறையின் ஒரு பகுதியாகி, தளத்தையே கீழே தள்ளுவதைவிட அந்த இணைப்பைக் கணக்கில் கொள்ளாமல் விடுவது என்ற போக்குக்கு மாறியது. 2022 டிசம்பரில் ஸ்பாம்பிரெய்ன் என்ற தானியங்கி அமைப்பைக் கொண்டு, இணைப்பை வாங்கும் தளங்களையும் விற்பதற்கென்றே நடத்தப்படும் தளங்களையும் அடையாளம் காண்பதாகக் கூகுள் அறிவித்தது. ஆகவே இன்று இத்தொகுப்பை வாங்குபவருக்குப் பெரும்பாலும் தண்டனை கிடைப்பதில்லை, எதுவுமே கிடைப்பதில்லை. பணம் போனது போனதுதான். தண்டனைக்கும் வாய்ப்பு அடியோடு இல்லாமல் போகவில்லை, ஏனெனில் கூகுளின் பணியாளர்கள் நேரடியாகப் பார்த்து நடவடிக்கை எடுக்கும் முறை இன்னும் நடப்பில் உள்ளது.

பட்டியல் தளங்கள்

வணிகப் பட்டியல்களில் கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைப் பதிவது இரண்டாவது வழி. இதைத் தொகுப்போடு சேர்த்து ஒதுக்குவது தவறு; இதையே முழுத் திட்டமாகக் கொள்வதும் தவறு. பட்டியல் இணைப்பு தரவரிசையை நேரடியாக உயர்த்தும் ஆற்றல் குறைந்தது. கடை இருப்பது உண்மை என்பதற்கும், அது எங்கே இருக்கிறது என்பதற்கும் சான்றாக நிற்பதே அதன் பணி. எனவே எண்ணிக்கையைவிட ஒருமைப்பாடு முக்கியம். ஜார்ஜ்டவுனில் ஒரே சாலை ஒரு பட்டியலில் லெபோ குயின் என்றும் இன்னொன்றில் குயின் ஸ்திரீட் என்றும் இருப்பது சாதாரணம். கூகுள் அதைப் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். இடம் மாறிய கடையின் பழைய கதவு எண்ணும், கைவிடப்பட்ட 04 எனத் தொடங்கும் தொலைபேசி எண்ணும் ஐந்தாறு பட்டியல்களில் அப்படியே கிடப்பதுதான் உண்மையான சிக்கல். புதிதாக ஐம்பது பட்டியல்களில் சேர்வதைவிட அந்த ஐந்தாறைத் திருத்துவது மேல். கூகுள் பிசினஸ் புரொஃபைலைச் சரியாக நிரப்புவது, முகநூல் பக்கம், வர்த்தகச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் ஆகிய அளவில் இந்த வேலை நிறைவு பெற்றுவிடும். விமர்சனம் எழுதுபவருக்கு 10 விழுக்காடு தள்ளுபடி என்று அறிவிப்பது கூகுளின் விதிக்கு முரணானது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அப்படியோர் அட்டையைப் பணம் கட்டும் மேசையில் வைத்திருக்கும் கடைகள் உண்டு.

விருந்தினர் கட்டுரையும் விளம்பரக் கட்டுரையும்

மூன்றாவது வழி, பிற தளங்களுக்குக் கட்டுரை எழுதித் தந்து அதில் நம் இணைப்பை வைப்பது. 2014 ஜனவரியில் கூகுளின் மேட் கட்ஸ், இணைப்புக்காகவே எழுதப்படும் விருந்தினர் கட்டுரைகளின் காலம் முடிந்துவிட்டதென வெளிப்படையாக எழுதினார். அதன்பின்னும் இவ்வழக்கம் நிற்கவில்லை. நம் கடையைப் பொறுத்தவரை இதன் குறை விதிமீறலில் மட்டும் இல்லை. வேறொரு நாட்டின் 'வாழ்க்கைமுறை' தளத்தில் பூக்களின் நிறப்பொருத்தம் பற்றி எழுதப்படும் கட்டுரையைப் படிப்பவர் எவரும் பினாங்கில் மணவறை கேட்டு அழைக்கப் போவதில்லை.

உள்ளூர் நாளிதழ்த் தளத்தில் கட்டணம் செலுத்தி இடம்பெறும் கட்டுரை இதைவிட மதிப்பானதாகத் தோன்றலாம். இங்கே பிரிட்டனின் இன்டர்ஃபுளோரா என்ற மலர் நிறுவனத்துக்கு நேர்ந்ததைப் பூக்கடைக்காரர்கள் அறிந்திருப்பது நல்லது. 2013 பிப்ரவரியில், அந்நாட்டின் அன்னையர் நாள் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், தன் சொந்தப் பெயரைத் தேடினால்கூடக் கூகுளில் அத்தளம் தென்படவில்லை. வட்டார நாளிதழ்களின் தளங்களில் கட்டணக் கட்டுரைகள் வழியாகப் பெற்ற இணைப்புகளே காரணம் என்று துறையினர் பரவலாகக் கூறினர். சுமார் 11 நாள்களுக்குப் பிறகே தளம் மீண்டும் தோன்றியது. விளம்பரக் கட்டுரை போடுவது குற்றமன்று. இணைப்பில் 'ஸ்பான்சர்டு' அல்லது 'நோஃபாலோ' என்ற குறியை இட்டு, இது பணம் பெற்றுத் தரப்பட்டது என்று தேடுபொறிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே விதி. நோஃபாலோ 2005 முதல் உள்ளது. ஸ்பான்சர்டு 2019இல் வந்தது. குறியிட்ட இணைப்பு தரவரிசைக்கு உதவும் என்று எதிர்பார்க்கக் கூடாது, ஆனால் வாசகரை அனுப்பும். வாசகருக்காகவே விளம்பரம் செய்பவர் தாராளமாகச் செய்யலாம்.

ஊர்த் தொடர்புகள்

நான்காவது வழிக்கே என் வாக்கு. மற்ற மூன்றும் இணைப்பை வெளியே தேடிப் போகின்றன. இதுவோ கடைக்கு ஏற்கெனவே உள்ள உறவுகளை இணையத்தில் பதியச் செய்கிறது. மணவறைக் கடைக்காரரின் ஓராண்டு வேலையை நினைத்துப் பாருங்கள். திருமண மண்டபங்கள், உணவு ஏற்பாட்டாளர்கள், நாதஸ்வரக் குழுவினர், நிழற்படக் கலைஞர்கள் எனப் பலருடன் அவர் தோளோடு தோள் நின்று வேலை செய்கிறார். இவர்களில் தளம் வைத்திருப்பவர் பலர். மண்டபத்தின் தளத்தில் 'எங்கள் மண்டபத்தை அறிந்த அலங்கரிப்பாளர்கள்' என்றொரு பக்கம் இருந்தால், அதில் வரும் ஒரு வரி, தொகுப்பில் வாங்கிய முந்நூறு இணைப்புகளைவிட எடையுள்ளது என்பது என் கணிப்பு; அந்தப் பக்கத்தைத் திறப்பவர் ஏற்கெனவே திருமண நாளைக் குறித்துவிட்டவர் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நிழற்படக் கலைஞர்கள் விஷயத்தில் சற்று நுணுக்கமாக நடந்துகொள்ள வேண்டும். இன்று திருமணப் படங்கள் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில்தான் ஏறுகின்றன. அங்கே பெயரைக் குறித்தால் வாடிக்கையாளர் வரலாம், ஆனால் அந்த இணைப்பு நோஃபாலோ வகை. அவர்களில் சிலர் தங்கள் சொந்தத் தளத்திலும் ஒவ்வொரு திருமணத்துக்கும் தனிப் பக்கம் வைக்கிறார்கள். அலங்காரம் முடிந்து ஆட்கள் உள்ளே நிறையும் முன், விளக்கொளியில் எடுத்த மணவறைப் படங்களை நாமே அவருக்கு அனுப்பி, 'மணவறை அலங்காரம்' என்ற வரியில் கடைப்பெயரோடு தள முகவரியையும் சேர்க்கும்படி கேட்டால் மறுப்பவர் குறைவு. கைம்மாறாகத் தள்ளுபடியோ இலவச மாலையோ தர வேண்டியதில்லை. பொருள் கொடுத்து இணைப்பு பெறுவதையும் கூகுள் விலைக்கு வாங்கியதாகவே கருதுகிறது. நீ எனக்கு, நான் உனக்கு என்று அளவுக்கு மீறி மாற்றிக்கொள்வதும் அதே கணக்கில் சேரும், ஆயினும் உண்மையாகவே சேர்ந்து வேலை செய்யும் இரு கடைகள் ஒன்றையொன்று பரிந்துரைப்பதில் தவறில்லை.

ஆலயத்துக்கும் பள்ளிக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் தரும் நன்கொடை இதன் இன்னொரு பகுதி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியெங்கும் நிற்கும் தண்ணீர்ப் பந்தல்களுக்கு உதவும் கடைகளின் பெயர்கள் பதாகையில் இடம்பெறுகின்றன. ஏற்பாட்டாளருக்குத் தளம் இருந்தால், நன்றிப் பக்கத்திலும் இடம்பெறலாம். அந்த இணைப்புக்கு ஸ்பான்சர்டு குறி இடுவதே முறை. ஆகவே தரவரிசையை மனத்தில் வைத்து நன்கொடை தருவதைவிட, தருவதைத் தந்துவிட்டு, பெயரும் முகவரியும் பிழையின்றி வந்துள்ளனவா என்று மட்டும் பார்ப்பது போதும்.

இவ்வழிக்கு இரண்டு குறைகள் உண்டு. வேகம் இல்லை என்பது ஒன்று. ஓராண்டில் பத்துப் பன்னிரண்டு நல்ல இணைப்புகள் வந்தாலே பெரிது. மற்றது, தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலான கடைகளின் தளத்தில் 'வருக' என்ற சொல்லும் நான்கு படங்களும் ஒரு தொலைபேசி எண்ணும்தான் உள்ளன. நாளிதழ்ச் செய்தியாளரோ பயணக் கட்டுரை எழுதுபவரோ அதை எதற்காகச் சுட்ட வேண்டும்? மாறாக, தைப்பூச வாரத்தில் மாலைக்கும் பால்குடத்துக்கும் எந்த நாளுக்குள் சொல்லிவைக்க வேண்டும், லெபோ குயின் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து தங்க இரதமும் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி இரதமும் புறப்படும் நாளில் சாலை மூடப்பட்டால் பூவை எங்கே வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று விளக்கும் ஒரு பக்கம் இருந்தால், அதை வெளியூரிலிருந்து வருவோரும் பகிர்வர், எழுதுவோரும் சுட்டுவர். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகராக அறிவிக்கப்பட்டதிலிருந்து ஜார்ஜ்டவுனைப் பற்றி எழுதுபவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்கள் தேடுவது இப்படிப்பட்ட உறுதியான உள்ளூர்த் தகவலைத்தான். தமிழில் ஒன்றும் மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒன்றுமாக இரு பக்கங்கள் வைப்பது இன்னும் நல்லது.

செலவைப் பொறுத்தவரை என் பரிந்துரை இது. தொகுப்புக்கு ஒரு சென்னும் வேண்டாம். பட்டியல்களுக்குப் பணம் தேவையில்லை. ஒரு பிற்பகல் போதும். கையில் இருக்கும் பணத்தை அத்தகைய இரண்டு மூன்று பக்கங்களை எழுதவும் படம் எடுக்கவும் செலவிட்டு, அதன்பின் மண்டபங்களுக்கும் கலைஞர்களுக்கும் சங்கத்துக்கும் எழுத வேண்டும். அதற்கு முன்பாக, முன்பிருந்த இணைப்புகள் செத்துக் கிடக்கின்றனவா என்பதைப் பார்த்துவிடுவது சிக்கனமானது. பிளாக்ஸ்பாட் என்ற இலவச வலைப்பதிவு முகவரியில் தொடங்கி, பிறகு நிறுவனப் பதிவுச் சான்றைக் காட்டி டாட் காம் டாட் எம்ஒய் முகவரிக்கு மாறிய கடைகளுக்குப் பழைய கட்டுரைகளில் இருந்த இணைப்புகள் இன்று வெறும் பிழைப்பக்கத்துக்கே போகக்கூடும். எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பி முகவரியைத் திருத்தச் சொல்வதுதான் எனக்குத் தெரிந்தவரை மிக மலிவான பேக்லிங்க்.

ஏற்கெனவே தொகுப்பு வாங்கிவிட்டவர்கள் பதற வேண்டாம். அந்த இணைப்புகளை மறுத்து அறிவிக்கும் கருவியைக் கூகுள் 2012 அக்டோபர் முதல் வழங்கிவருகிறது, ஆனால் பெரும்பாலான தளங்களுக்கு அது தேவைப்படுவதில்லை என்று அந்நிறுவனமே சொல்கிறது. தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் செர்ச் கன்சோல் கருவியில் நேரடி நடவடிக்கைக்கான பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே எச்சரிக்கை ஏதும் இல்லையென்றால் அந்தப் பட்டியலை அப்படியே விட்டுவிடலாம். அதை நீக்கித் தருகிறேன் என்று சொல்லி இன்னொரு கட்டணம் கேட்டு வருபவருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை.