நல்லவன் உடையும் இடம்: ஜேம்ஸ் ஸ்டூவர்ட் படங்களுக்கு ஒரு தரவரிசை

ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படங்களை வரிசைப்படுத்த உட்காருபவர் முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: வரிசைப்படுத்தப்போவது படங்களையா, அவற்றில் அவருடைய நடிப்பையா? காப்ரா, லூபிட்ஷ், ஹிட்ச்காக், ஃபோர்டு, பிரெமிஞ்சர் எனத் தம் காலத்தின் பெரிய இயக்குநர்கள் பலரிடமும் அவர் நடித்திருப்பதால், இயக்குநரின் திறமை அவரைத் தாங்கிச் சென்ற படங்களும் உண்டு, அவர் ஒருவரே படத்தைத் தாங்கி நிற்கும் படங்களும் உண்டு. நான் நடிப்பையே கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். நெடிதுயர்ந்த ஒல்லியான உடம்பு, தயங்கித் தயங்கி வரும் பேச்சு, பார்த்த மாத்திரத்தில் நம்பத் தோன்றும் முகம் ஆகியவை அவருக்கு இயல்பாகவே வாய்த்திருந்தன. அந்த முகத்துக்குப் பின்னால் இருக்கும் ஆத்திரத்தையும் அச்சத்தையும் வெறியையும் எந்தப் படத்தில் எவ்வளவு தூரம் வெளியே வர விட்டார் என்பதே என் அளவுகோல்.

அந்த அளவுகோலின்படி முதலிடம் 1946-இல் வெளிவந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்துக்கே. இதைக் கிறிஸ்துமஸ் காலத்தில் குடும்பத்தோடு பார்க்கும் இதமான படம் என்று மட்டும் அறிந்தவர்களுக்கு இந்தத் தேர்வு வியப்பளிக்கலாம். வெளியான சமயத்தில் எதிர்பார்த்த வசூல் வரவில்லை. ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒன்றுகூட விருதாகவில்லை. 1974-இல் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டதால் தொலைக்காட்சி நிலையங்கள் ஆண்டுதோறும் டிசம்பரில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. அப்படித்தான் அது அமெரிக்க வீடுகளின் வழக்கமாக மாறியது. அந்த வழக்கமே படத்தின் உக்கிரத்தை மறைத்துவிட்டது என்பது என் எண்ணம்.

இதில் ஸ்டூவர்ட் ஏற்ற ஜார்ஜ் பெய்லி, உலகம் சுற்றவும் பாலங்களும் வானுயர்ந்த கட்டடங்களும் கட்டவும் ஆசைப்பட்டு, ஒவ்வொரு முறையும் பிறருக்காகத் தன் சிற்றூரிலேயே தங்கிவிடும் மனிதன். தந்தை தொடங்கிய சிறிய வீட்டுக்கடன் நிறுவனத்தை அவன் நடத்துகிறான். ஊரின் ஏழைகள் அதனால்தான் சொந்த வீடு காண்கிறார்கள். அவன் நல்லவன் என்பதில் படத்துக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நன்மை அவனிடமிருந்து என்னவெல்லாம் பறித்துக்கொண்டது என்பதை ஸ்டூவர்ட் ஒரு கணமும் மறக்க விடுவதில்லை. பின்னாளில் அவன் மனைவியாகும் மேரியும் அவனும் ஒரே தொலைபேசி ரிசீவரில் காதை வைத்துக்கொண்டு நிற்கும் காட்சியைப் பாருங்கள். மறுமுனையில் நண்பன் பிளாஸ்டிக் தொழிலில் பணம் கொட்டும் என்று பேசிக்கொண்டே போகிறான். இங்கே இருவர் முகங்களும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. அவள் கூந்தலின் மணம் அவனைத் தடுமாறச் செய்கிறது. திடீரென்று ஜார்ஜ் அவள் தோள்களைப் பற்றி உலுக்கி, தனக்குப் பணமும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம் என்று கிட்டத்தட்ட கத்துகிறான், அடுத்த நொடியே அவளை இறுக அணைத்துக்கொள்கிறான். அது காதலைச் சொல்லும் காட்சிதான். ஆனாலும் அவன் முகத்தில் இருப்பது வலையில் சிக்கியவனின் கலக்கம். ஆசையும் தோல்வியும் ஒரே மூச்சில் வெளிப்படும் இப்படியொரு காதல் காட்சி அந்தக் கால ஹாலிவுட்டில் அரிது.

பின்பகுதியில் நிறுவனத்தின் எட்டாயிரம் டாலர் தொலைந்துபோன இரவில், குழந்தைகள் மீது எரிந்து விழுந்து, வீட்டுக்கூடத்தின் மூலையில் இருக்கும் பால மாதிரியையும் வரைபட மேசையையும் எட்டி உதைக்கிறான். இத்தனை ஆண்டுகளாக அந்த மாதிரியை அவன் தூக்கி எறியாமல் வைத்திருந்தான் என்பது நமக்கு அப்போதுதான் உறைக்கிறது. மனைவியும் மக்களும் மிரண்டு நிற்க, அவன் மன்னிப்புக் கேட்க முயன்று, முடியாமல் மறுபடியும் கத்துகிறான். ஸ்டூவர்ட் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து 1932-இல் பட்டம் பெற்றவர் என்பதும், போரிலிருந்து திரும்பியபின் அவர் நடித்த முதல் படம் இது என்பதும் தெரிந்தவர்கள் இக்காட்சியை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். 1941-இல் படையில் சேர்ந்த அவர், பி-24 குண்டுவீச்சு விமானங்களில் 20 தாக்குதல் பயணங்களில் பங்கேற்று, கர்னலாக வீடு திரும்பினார். போருக்கு முந்தைய படங்களின் இளைஞன் அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் முழுதாகத் திரும்பி வரவேயில்லை.

இரண்டாமிடம் 'வெர்டிகோ' (1958). 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 2012-இல் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில், அரை நூற்றாண்டாக முதலிடத்தில் இருந்த 'சிட்டிசன் கேன்' படத்தைப் பின்னுக்குத் தள்ளிய படம் இது. எல்லாக் காலத்துக்குமான சிறந்த படங்களின் பட்டியல் என்றால் நானும் இதை 'வொண்டர்ஃபுல் லைஃப்' படத்துக்கு மேலேதான் வைப்பேன். ஸ்டூவர்ட்டின் பங்கு என்று வரும்போது, ஹிட்ச்காக்கின் வண்ணங்களும் பெர்னார்ட் ஹெர்மனின் இசையும் சுமையில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கின்றன. இருந்தும், உயரத்தைக் கண்டு அஞ்சும் ஓய்வுபெற்ற துப்பறிவாளராக, இழந்த ஒருத்தியின் சாயலை இன்னொருத்தி மீது ஏற்றத் துடிக்கும் அந்த இரண்டாம் பாதியில் அவர் துணிந்தது கொஞ்சநஞ்சமல்ல. துணிக்கடையில் சாம்பல் நிற உடையைத் தேடி அலையும்போது குரலை உயர்த்தாமல், கெஞ்சுவதுபோலவே அவர் கட்டளையிடுகிறார். எதிரே இருக்கும் பெண் அழுவது அவருக்குத் தெரிகிறது. ஆனாலும் அவர் நிறுத்துவதில்லை. நம் அன்புக்குரிய ஒருவரே இதைச் செய்வதால் அருவருப்பும் இரக்கமும் ஒன்றாக எழுகின்றன. வில்லத்தனம் முகத்தில் எழுதியிருக்கும் நடிகர் ஒருவரிடம் இந்தப் பாத்திரம் போயிருந்தால் படம் பாதியாகச் சுருங்கியிருக்கும்.

மூன்றாமிடத்தைத் தமிழ் வாசகர்கள் பலர் கேள்விப்பட்டிராத ஒரு கௌபாய் படத்துக்குக் கொடுக்கிறேன்: அந்தோனி மேன் இயக்கிய 'தி நேக்கட் ஸ்பர்' (1953). மேனும் ஸ்டூவர்ட்டும் சேர்ந்து செய்த எட்டுப் படங்களில் ஐந்து இந்த வகையைச் சேர்ந்தவை. 1950-இல் வந்த 'வின்செஸ்டர் '73' படத்தில், மதுக்கடையில் ஓர் எதிரியின் கையை முறுக்கி அவன் முகத்தை மேசையோடு அழுத்தும்போது ஸ்டூவர்ட்டின் கண்களில் தெரியும் வெறி, அவருடைய பழைய ரசிகர்களைத் திகைக்க வைத்தது. அந்தப் படத்துக்கு அவர் வழக்கமான சம்பளத்துக்குப் பதிலாக லாபத்தில் பங்கு பெற்றுக்கொண்டார். ஸ்டுடியோக்களின் பிடியிலிருந்து நட்சத்திரங்கள் விடுபட அந்த ஒப்பந்தம் ஒரு வழியைத் திறந்துவிட்டது. 'தி நேக்கட் ஸ்பர்' அந்த வெறியை இன்னும் ஆழமாகத் தோண்டுகிறது. படம் முழுக்க முக்கியமானவர்கள் ஐந்தே பேர். களம் கொலராடோ மலைகள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போயிருந்த காலத்தில் நிச்சயிக்கப்பட்ட பெண் பண்ணையை விற்றுவிட்டுப் போய்விட, அதை மீட்க ஒரு குற்றவாளியின் தலைக்கு அறிவிக்கப்பட்ட 5,000 டாலரைத் துரத்தி வருகிறான் நாயகன். காலில் குண்டு பட்டுக் காய்ச்சலில் கிடக்கும் இரவில், தன்னைவிட்டுப் போனவளோடு அவன் கனிவாகப் பேசிப் பிதற்றுகிறான். பகலில் பல்லைக் கடித்துக்கொண்டு மனிதனுக்கு விலை பேசுபவனுக்குள் இவ்வளவு இருந்ததா என்று கூட இருப்பவர்கள் சங்கடத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இறுதிக் காட்சியைச் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை. தன் மீதே கொண்ட வெறுப்பில் ஒரு கதாநாயகன் இப்படிக் குமுறி அழுவதை இந்த வகைப் படங்களில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

நான்காவது, 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' (1959). மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், அசலான நீதிமன்றக் கட்டடத்திலேயே ஓட்டோ பிரெமிஞ்சர் எடுத்த படம். மூலநாவலை எழுதியவர் அம்மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. படத்தில் நீதிபதியாக வருபவரோ, கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய செனட்டர் மெக்கார்த்தியை விசாரணை மேடையில் எதிர்த்து நின்ற வழக்கறிஞர் ஜோசப் வெல்ச். மீன் பிடித்துக்கொண்டும் பியானோ வாசித்துக்கொண்டும் காலத்தைக் கழிக்கும் சிற்றூர் வக்கீலாக ஸ்டூவர்ட் தம் பழைய எளிமையை இங்கே ஒரு கருவியாகவே பயன்படுத்துகிறார். சிறையில் கட்சிக்காரனிடம், கொலைக் குற்றத்துக்கு எதிராகச் சட்டத்தில் என்னென்ன வழிகள் உள்ளன என்று அவர் விளக்கும் காட்சி ஒரு பாடம். பொய் சொல் என்று அவர் சொல்வதில்லை. ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டே வந்து, எஞ்சியிருக்கும் ஒரே வழியை அவனே கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கிறார். அவன் சரியான சொல்லை நெருங்கும்போது அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்த மாற்றமின்மையே நமக்குள் ஐயத்தை விதைக்கிறது. வெனிஸ் விழாவில் சிறந்த நடிகருக்கான விருதும் நியூயார்க் விமர்சகர்களின் விருதும் இதற்குக் கிடைத்தன.

ஐந்தாவது, லூபிட்ஷின் 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' (1940). புடாபெஸ்ட் நகரத்துத் தோல்பொருள் கடையில் வேலை பார்க்கும் இருவர் நேரில் சண்டையிட்டுக்கொண்டே, ஒருவரை ஒருவர் அறியாமல் கடிதத்தில் காதலிக்கும் கதை. என் அளவுகோலுக்கு இது விதிவிலக்கு போலத் தோன்றும். ஆனால் வேலை பறிபோன நாளில் சக ஊழியர்களிடம் விடைபெறும் ஸ்டூவர்ட்டின் அடங்கிய அவமானத்தைக் கண்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். நாடகக் குழு நாள்களிலிருந்தே அவருக்குத் தோழியாக இருந்த மார்கரெட் சல்லவன் உடன் இருப்பதால் இருவர் பேச்சிலும் ஒரு பழக்கத்தின் சுகம் இருக்கிறது.

'ரியர் விண்டோ' (1954) ஆறாவதாக இறங்கியதற்குப் பலர் என்னோடு வாதிடக்கூடும். ஹிட்ச்காக்கின் மிகக் கச்சிதமான படம் அது. பாரமவுண்ட் ஸ்டுடியோவில் ஒரு முழுக் குடியிருப்பு முற்றத்தையே கட்டி எழுப்பி எடுத்தார்கள். உடைந்த காலோடு சக்கர நாற்காலியில் அமர்ந்து, முகத்தாலும் தொலைநோக்கியாலும் மட்டும் நடித்து முடிக்கிறார் ஸ்டூவர்ட். ஆனால் அவர் முகத்துக்குப் பொருள் தருவதில் பாதி வேலை படத்தொகுப்பினுடையது. ஏழாவது 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' (1939). செனட்டில் நிறுத்தாமல் பேசிக் குரல் கட்டிப்போகும் காட்சிக்காக மருத்துவர் ஒருவரைக் கொண்டு தொண்டையில் மருந்து தடவி வீங்கச் செய்துகொண்டார். அந்தக் கரகரப்பு இன்றும் காதில் நிற்கிறது. எதிரிகளின் பாத்திரங்கள் மட்டும் கொஞ்சம் மேலோட்டமாக அமைந்துவிட்டன. எட்டாவது ஃபோர்டின் 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' (1962). ஐம்பதைத் தாண்டியவர் இளம் வக்கீலாக வருவது உறுத்தினாலும், ஒரு பொய்யின் மேல் எழுந்த புகழைச் சுமக்கும் முதிய செனட்டராக அவர் வரும் பகுதிகள் அந்தக் குறையை ஈடுசெய்கின்றன. ஒன்பதாவது 'ஹார்வி' (1950), கண்ணுக்குத் தெரியாத ஆளுயர முயலோடு திரியும் மென்மையான குடிகாரரின் கதை.

அவருக்கு நடிப்புக்கான ஒரே ஆஸ்கரை வாங்கித் தந்த 'தி பிலடெல்ஃபியா ஸ்டோரி' (1940) பத்தாவதாக நிற்பது அநீதி அன்று. முந்தைய ஆண்டு 'மிஸ்டர் ஸ்மித்' படத்துக்குக் கிடைக்காத விருதுக்கான ஈடு அது என்று அப்போதே பலர் கருதினார்கள். கேத்தரின் ஹெப்பர்னும் கேரி கிராண்டும் நடத்திச் செல்லும் படத்தில் அவர் அழகான துணை. அந்தச் சிலையை அவர் தந்தை பென்சில்வேனியாவில் இருந்த தம் ஹார்டுவேர் கடையில் பல ஆண்டுகள் காட்சிக்கு வைத்திருந்தார்.

பத்துக்கு வெளியே நிற்பவற்றில் 'ரோப்' (1948) படத்தை, பத்து நிமிடம்வரை நீளும் ஷாட்களுக்காகப் பார்க்கலாம். கொலையாளிகளின் முன்னாள் பள்ளி ஆசிரியராக அவர் பொருந்தவில்லை. அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்த இருபத்தைந்து வயது லிண்ட்பெர்காக ஐம்பதை நெருங்கிய அவர் நடித்த 'தி ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' (1957) படத்தை, அவரே விமானி என்ற மரியாதையோடு கடந்துவிடலாம். 'கால் நார்த்சைட் 777' (1948) அப்படியல்ல. தரை துடைத்துச் சேர்த்த பணத்தை வைத்து மகனின் விடுதலைக்காக விளம்பரம் கொடுக்கும் ஒரு தாயையும், முதலில் அவளை நம்பாத சிகாகோ நிருபரையும் பற்றிய, உண்மை வழக்கொன்றைத் தழுவிய படம் அது. நிருபரின் அலட்சியம் மெல்ல மெல்ல வெட்கமாக மாறுவதை ஸ்டூவர்ட் வசனத்தின் உதவியின்றிக் காட்டுகிறார். பதினோராவது இடம் அதற்கே.